வரிச் சலுகை போனது. நம் பிள்ளைகளின் மைதானமும் போகவேண்டுமா?

மும்பையில் வாழும் நம் உழைப்பாளிக் குடும்பங்களுக்கு வருமானவரிச் சட்டம் என்றால் அது வேறு யாருக்கோ எழுதப்பட்டது என்ற எண்ணம் உண்டு. தாராவியின் தோல் பட்டறையில் நிற்பவனுக்கும், விடியுமுன் இட்லிக் கூடையைத் தலையில் தூக்குபவனுக்கும் வரி ஏது, வரிச் சலுகை ஏது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தில்லியில் சட்டத்தின் ஒரு பிரிவு மாறினால், அதன் அதிர்வு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் பிள்ளை ஓடுகிற கல்லூரி மைதானம் வரை வந்து சேர்கிறது. அது எந்த வழியாக வருகிறது, நாம் செய்யவேண்டியது என்ன என்பதைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

விளையாட்டு என்பது பொழுதுபோக்கா?

வசதியுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு பொழுதுபோக்கு. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது வேலைக்கான கதவு. மராட்டிய அரசுப் பணிகளில் தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கென 5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. நான் வேலை பார்க்கும் ரயில்வேயில் 1928 முதல் விளையாட்டு வாரியம் ஒன்று இயங்கிவருகிறது. விளையாட்டுத் தகுதியில் வேலை கொடுப்பதில் ரயில்வேக்கு ஈடான நிறுவனம் இந்த நாட்டில் அரிது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே எங்கள் மத்திய ரயில்வே ஊழியர்தான். உலகக் கோப்பையைத் தூக்கிய தோனியும் கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக நின்றவர்தான்.

நம்மவரிலே தன்ராஜ் பிள்ளையைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? பூனாவை அடுத்த கட்கியில் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் 1968இல் பிறந்தவர். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் நாட்டுக்காக ஹாக்கி ஆடியவர். மும்பையில் மகிந்திரா நிறுவனத்தின் அணி அவருக்கு இடம் கொடுத்தது. இடமும் மட்டையும் சாப்பாடும் யாராவது கொடுக்கவேண்டும். திறமை தானாக வயிற்றை நிரப்பாது.

பள்ளியை முடித்துக் கல்லூரிக்கு வரும் நம் பிள்ளைக்கு அந்த "யாராவது" யார்? கல்லூரி ஜிம்கானாவுக்கு மாணவர்கள் கட்டும் கட்டணம் பந்துக்கும் வலைக்குமே போதாது. பல்கலைக்கழகப் போட்டிக்கு வெளியூர் போகும் செலவு, காலணி, பயிற்சிக்குப் பின் முட்டையும் பாலும், அடிபட்டால் கட்டுப்போடும் செலவு எல்லாம் முன்னாள் மாணவர், உள்ளூர்க் கடைக்காரர், அலுவலக நண்பர் ஆகியோர் தந்த நன்கொடையில்தான் ஓடிவந்தன.

மார்ச் மாதத்து நன்கொடை

ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதி திரட்டியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஜனவரி வரை கையை விரிக்கும் அதிகாரிகள் பிப்ரவரி, மார்ச்சில் தாங்களாகவே கூப்பிட்டு, "80ஜி ரசீது உண்டா?" என்று கேட்பார்கள். 1968 ஏப்ரல் முதல் 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் இடம்பெற்ற பிரிவு அது. அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்த பணத்தில் பாதியை, சில நிதிகளுக்கு முழுவதையுமே, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். விளையாட்டை வளர்ப்பதும் அறப்பணியே என்று நேரடி வரிகள் வாரியம் 1984 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டுத் தெளிவாக்கியது.

அந்தச் சலுகையின் உண்மை அளவு என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வரிமுறையில் 20 விழுக்காட்டுப் படியில் இருக்கும் ஒருவர், கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் காசோலை கொடுக்கிறார். கழிவு 5,000. அதற்கு வரி 1,000, மேல்வரியும் சேர்த்து 1,040 ரூபாய் அவருக்கு மிச்சம். 30 விழுக்காட்டுப் படியில் இருந்தால் 1,560 மிச்சம். அதே 10,000 ரூபாயை அவர் மத்திய அரசின் தேசிய விளையாட்டு நிதிக்கு அனுப்பினால் முழுக் கழிவு, மிச்சம் 3,120. அதாவது தில்லியில் இருக்கும் பெரிய நிதிக்குக் கொடுத்தால் இரட்டிப்புச் சலுகை; பக்கத்துத் தெருக் கல்லூரிக்குக் கொடுத்தால் பாதிச் சலுகை. நாட்டளவில் பெயர் பெற்றதென அரசு ஒப்புக்கொண்ட பல்கலைக்கழகங்களுக்கும் முழுக் கழிவு உண்டு. சாதாரணக் கல்லூரிக்கு அது கிடையாது. இருக்கிறவனிடமே மேலும் சேரும்படிதான் அந்தச் சட்டம் அன்றே எழுதப்பட்டிருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பணமாகக் கொடுத்தால்தான் கழிவு. பத்து ஜோடிக் காலணி வாங்கிக் கொடுத்த கடைக்காரருக்கும், அணிக்கு மூட்டை அரிசி கொடுத்த மளிகைக்காரருக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு காசு கழிவில்லை. ரொக்கமாக 10,000 வரை கொடுக்கலாம் என்றிருந்ததை 2017 ஏப்ரல் முதல் 2,000 ஆகக் குறைத்தார்கள்.

மாறியது என்ன?

2020ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் புதிய வரிமுறை வந்தது. வரி விகிதம் குறைவு. ஆனால் சேமிப்பு, காப்பீடு, நன்கொடை போன்ற கழிவுகள் பெரும்பாலும் இல்லை. முதலில் விரும்பியவர் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். 2023-24 முதல் அதுவே பொதுவிதி ஆயிற்று. பழையது வேண்டுமென்றால்தான் கேட்டுப் பெறவேண்டும். 2024 ஜூலை முடிய வந்த 7 கோடியே 28 லட்சம் வருமானவரிக் கணக்குகளில் 5 கோடியே 27 லட்சம் புதிய முறையிலேயே தாக்கலாயின என்று அரசே அறிவித்தது. நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர்! 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 12 லட்ச ரூபாய் வரையிலான வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே இல்லையென்று ஆக்கியது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவையும் சேர்த்தால் 12 லட்சத்து 75 ஆயிரம்.

கம்பெனிகளின் கதையும் இதுதான். 2019இல் 22 விழுக்காடு என்ற குறைந்த வரி வந்தது. அதை ஏற்ற கம்பெனிக்கு நன்கொடைக் கழிவு கிடையாது. ஒலிம்பிக் சங்கத்துக்குக் கம்பெனிகள் கொடுக்கும் பணத்துக்கென்று இருந்த தனிச் சலுகையும் அவர்களுக்கு அதோடு போயிற்று.

ஆகவே மார்ச் மாதத்தில் "ரசீது உண்டா?" என்று கேட்கும் குரல் அலுவலகங்களில் ஓய்ந்துவருகிறது. அந்தக் கேள்வி ஓய்ந்த இடத்தில் காசோலையும் ஓய்கிறது. பெருஞ்செல்வர் கொடுப்பது தம் பெயர் கல்லில் பொறிக்கப்படுவதற்காக. அவர் கை இதனால் மூடாது. தெருவில் பத்து ரூபாய் போடும் தாய்க்கு ரசீதே தேவையில்லை. அவள் கையும் மூடாது. நடுவிலே இருக்கும் குமாஸ்தா, ஆசிரியர், வங்கி அதிகாரி, சிறு கடைக்காரர் ஆகியோரின் இரண்டாயிரமும் ஐயாயிரமும்தான் மெல்லத் தேய்கின்றன. கல்லூரி விளையாட்டுக்கு முதுகெலும்பாக இருந்தது அந்தப் பணம்தான்.

அமெரிக்காவிலும் நடந்தது

இது நம் நாட்டில் மட்டும் நடந்த கூத்து அல்ல. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பெரும் பண உலகம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் கல்லூரிப் பயிற்சியாளருக்குத்தான். அங்கே பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு நன்கொடை கொடுத்தவருக்கே நல்ல இருக்கைக்கு டிக்கெட் வாங்கும் உரிமை என்ற வழக்கம் இருந்தது. அப்படிக் கொடுத்த பணத்தில் 80 விழுக்காட்டை வரியில் கழித்துக்கொள்ள 1988இல் சட்டமே செய்து கொடுத்தார்கள். 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அந்தச் சலுகையை 2018 ஜனவரி முதல் அடியோடு நீக்கிவிட்டது. உடனே பல்கலைக்கழகங்கள், "டிசம்பர் 31க்குள் முன்பணமாகவே கொடுத்துவிடுங்கள்" என்று நன்கொடையாளர் வீட்டுக் கதவைத் தட்டின.

இருக்கைக்காகக் கொடுத்தது நன்கொடையா, விலையா? அதற்குப் பொதுமக்கள் வரிப்பணத்தில் சலுகை ஏன்? இந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. கணக்குக் காட்டாமலே எல்லோரும் கழித்துக்கொள்ளும் பொதுக் கழிவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. நன்கொடையைத் தனியே கணக்குக் காட்டிக் கழித்தவர்கள் சுமார் பத்தில் மூவராக இருந்தது பத்தில் ஒருவராகச் சுருங்கிற்று. நம் புதிய வரிமுறை செய்ததும் ஏறத்தாழ இதேதான். பின்னர் அங்கே 2025இல் ஒரு திருத்தம் செய்தார்கள். பொதுக் கழிவை எடுப்பவரும் 2026ஆம் ஆண்டு முதல் தனிநபருக்கு 1,000 டாலர், தம்பதிக்கு 2,000 டாலர் வரை அறக்கொடையைக் கழித்துக்கொள்ளலாம். சிறு கொடையாளியை ஊக்குவிக்க முதலாளித்துவ அமெரிக்காவே இவ்வளவு இறங்கிவரும்போது, சோஷலிசம் என்ற சொல்லை அரசியல் சட்ட முகப்பில் எழுதிவைத்திருக்கும் நம் நாட்டில் ஏன் செய்யக்கூடாது?

எதிர்வாதத்தையும் கேட்போம்

தோழர்கள் சிலர் சொல்வார்கள்: "வரிச் சலுகை என்பதே பணக்காரன் தன் விருப்பத்துக்கு அரசுப் பணத்தைச் செலவிடுவது. அது ஒழிந்தது நல்லதுதான். விளையாட்டை அரசு வளர்க்கட்டும். நாம் ஏன் உண்டியல் குலுக்கவேண்டும்?"

இந்த வாதத்தில் பாதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். 30 விழுக்காட்டுக்காரனுக்கு அதிகச் சலுகை, 20 விழுக்காட்டுக்காரனுக்குக் குறைந்த சலுகை, வரி வரம்புக்குக் கீழே இருக்கும் கூலித் தொழிலாளிக்குச் சுழியம் என்ற ஏற்பாடு நீதியானதல்ல. மைதானமும் பயிற்சியும் பிள்ளைகளின் உரிமை; தருமம் அல்ல.

மறுபாதியை ஏற்க முடியவில்லை. அரசு வளர்க்கும்வரை இந்த ஆண்டு ஓடவேண்டிய பெண் காத்திருக்க மாட்டாள். ஓட்டக்காரியின் கால்களுக்கு இருபது வயது ஒருமுறைதான் வரும். மேலும் வரி குறைந்ததால் அரசுக்கு இழப்பு, நன்கொடை குறைந்ததால் கல்லூரிக்கு இழப்பு, இரண்டுக்கும் நடுவில் பணம் யார் கையில் நிற்கிறது? வரி கட்டும் நம் நடுத்தரத் தோழர் கையில்தான்! ஆண்டுக்கு 12 லட்சம் வரிக்குரிய வருமானம் உள்ளவருக்குப் புதிய முறையில் 2025இல் மட்டும் 80,000 ரூபாய் வரி குறைந்தது. 1,040 ரூபாய்ச் சலுகை போனதென்று காசோலையை நிறுத்துகிறவர், வந்த 80,000 ரூபாயை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

நம் முன்னோர் ரசீதைப் பார்த்தா கொடுத்தார்கள்? இதே மாட்டுங்கா, சயான் பகுதியில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தொடங்கியபோது 80ஜி என்ற எண்ணே பிறக்கவில்லை. காமராசர் முதலமைச்சராக இருந்த 1950களில் தமிழ்நாட்டின் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கரும்பலகை, நாற்காலி, பந்து, சீருடை என்று மக்கள் கொண்டுவந்து குவித்தார்கள். எந்த வரியையும் கழித்துக்கொள்ள அவர்கள் கொடுக்கவில்லை. ஊர் கூடித் தேர் இழுத்த மரபு அது.

அங்கீகாரச் சான்று வீணா?

சலுகைதான் போயிற்றே, இனி 80ஜி சான்று எதற்கு என்று சில சங்கங்கள் புதுப்பிக்காமல் விட்டுவிடுகின்றன. இது பெருந்தவறு. காரணத்தைச் சொல்கிறேன்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாகவேண்டும். இதற்கு வரிச் சலுகை இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே அல்ல, செலவிடுவது கட்டாயம். அந்தப் பணிகளின் பட்டியலில் கிராமிய விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி இருக்கிறது. குடிசைப் பகுதி மேம்பாடும் 2014இல் சேர்க்கப்பட்டது. தாராவிப் பிள்ளைகளுக்கான கபடிப் பயிற்சி இந்த இரண்டு தலைப்பிலும் பொருந்தும். ஆனால் அந்தப் பணத்தை ஒரு சங்கத்தின் வழியாகச் செலவிடவேண்டுமானால், அச்சங்கத்துக்கு வருமானவரிப் பதிவும் 80ஜி அங்கீகாரமும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் இருக்கவேண்டும் என்று 2021இல் விதி செய்துவிட்டார்கள். கதவு திறந்திருக்கிறது, சாவி நம்மிடம் இல்லை. அதனால்தான் பெரிய வளாகமும் ஆங்கிலம் பேசும் ஆபீசும் உள்ள நிறுவனங்களுக்கே அந்தப் பணம் போய்ச் சேருகிறது.

சாதிப் பெயரிலும் சமயப் பெயரிலும் நடக்கும் நம் சங்கங்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ சமயத்துக்கோ மட்டும் பயன்படும் அமைப்புக்கு 80ஜி கிடைக்காது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்கான அமைப்புகளுக்கு இந்தத் தடை இல்லை. ஊருக்கு ஒன்று, உறவுமுறைக்கு ஒன்று என்று பிரிந்து கிடக்கும் நாம், விளையாட்டுக்காவது பொதுவில் ஒரு அறக்கட்டளையாகச் சேர்ந்தால் என்ன?

கணக்கு வேலை கூடியிருப்பது உண்மை. 2021 முதல் அங்கீகாரத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்றாயிற்று. கொடுத்தவர் பெயர், அடையாள எண், தொகை எல்லாவற்றையும் ஆண்டுதோறும் மே 31க்குள் வருமானவரித் துறைக்கு அனுப்பவேண்டும் என்றாயிற்று. தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கட்டணம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாள். அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளதால், பழைய எண்ணையே நம்பியிராமல் தெரிந்தவரிடம் விசாரித்துச் செய்யவேண்டும். நம் பிள்ளைகளில் வணிகவியல் படித்தவர் இன்று எத்தனையோ பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சங்கத்தில் உட்கார்ந்தால் இந்த வேலை முடிந்துவிடும்.

கடைக்காரர்களுக்கு ஒரு சொல். விழா மலரில் நீங்கள் கொடுக்கும் விளம்பரம் வியாபாரச் செலவு. நன்கொடைக் கழிவு போனதால் அது பாதிக்கப்படவில்லை. அரசியல் கட்சி வெளியிடும் மலருக்கு மட்டும் அந்தக் கழிவு கிடையாது. ஆகவே சங்க விளையாட்டு விழா மலருக்கு அரைப்பக்கம் தர, "சட்டம் மாறிவிட்டது" என்று சாக்குச் சொல்ல வழியில்லை!

நாம் கேட்கவேண்டியதும் செய்யவேண்டியதும்

மத்திய அரசிடம் கேட்போம்: புதிய வரிமுறையிலும் சிறு நன்கொடைக்கு ஒரு வரம்புக்குட்பட்ட கழிவு வேண்டும். அது எந்த வருமானப் படியினருக்கும் ஒரே அளவு பயன் தருவதாக இருக்கட்டும். தில்லி நிதிக்கு முழுக் கழிவு, உள்ளூர்க் கல்லூரிக்குப் பாதி என்ற பாரபட்சமும் போகட்டும்.

மாநில அரசிடமும் மாநகராட்சியிடமும் கேட்போம்: தாராவியை இடித்துக் கட்டப்போகிறீர்கள். மாடிக் கட்டடங்களுக்கு நடுவே பிள்ளைகள் ஓட நிலம் எங்கே என்பதை வரைபடத்தில் காட்டுங்கள். நிலம் போய்விட்டால் எத்தனை கோடி நன்கொடை வந்தும் பயனில்லை.

கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்போம்: ஜிம்கானாக் கட்டணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணக்குத் தெரிந்தால்தான் கை நீளும். நன்கொடையின் பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அணியில் இடம் தருவதாக இருந்தால், அமெரிக்காவில் இருக்கைக்குப் பணம் வாங்கியதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

நம்மவரிடம் கேட்கிறேன்: மார்ச் மாதத்துப் பெரிய காசோலைக்குப் பதிலாக மாதம் 100 ரூபாய் என்று வையுங்கள். இருநூறு குடும்பம் சேர்ந்தால் மாதம் 20,000, ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். ஒரு கல்லூரியின் கபடி, கைப்பந்து அணிகளில் ஆடும் நம் பிள்ளைகளுக்குக் காலணியும் பயணச் செலவும் சத்துணவும் இதில் அடங்கும். தொகை வங்கி வழியாகவே வரட்டும், ரொக்கம் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைச் சங்கப் பலகையில் எழுதுவோம். பெண் பிள்ளைகளுக்குப் பாதிப் பங்கு என்று முதலிலேயே எழுதி வைப்போம். காசு குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது அவர்கள் பங்குதான் என்பது நாம் அறிந்த கதை.

சட்டம் கொடுத்த சலுகையைச் சட்டமே எடுத்துக்கொண்டது. நாமாகச் சேர்த்த நிதியை எந்த வரவுசெலவுத் திட்டமும் எடுக்க முடியாது. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் உங்கள் பகுதிக் கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பெயர்களைப் பதிவு செய்யுங்கள். முதல் மாதத் தொகையோடு வாருங்கள், தோழர்களே!